மெட்ராஸில் போன ஒரு புள்ளி



போன இதழ் அச்சுக்குப் போகிற நாள். சாயங்காலம் ஐந்தரை தாண்டியிருக்கும். ஜெனரல் ஷிஃப்ட் விட்டு கம்பெனி பஸ்கள் வரிசையாக ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்தன. ஹார்ன் சத்தத்தில் புரூஃப் பார்க்க முடியாமல் ஜன்னலைச் சாத்த எழுந்தேன். வாசலில் ஒரு இளைஞர் நின்றிருந்தார். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. எல்லாம் நம் சிப்காட் பக்கம் தினமும் பார்க்கிற கோலம்தான். காது மட்டும் வேறு. இரண்டு காது மடல்களும் எண்ணெயில் போட்ட அப்பளம்போலச் சுருண்டு தடித்திருந்தன. என் பார்வை போன இடத்தை அவரும் கவனித்துவிட்டார்.

“குஸ்திண்ணா. எதிராளி தலையால தேய்ச்சுத் தேய்ச்சு இப்படி ஆயிடும்” என்றார்.

வந்த விஷயத்தை உட்காருவதற்கு முன்பே சொன்னார். “எருது விடுற விழாவுக்கு நாலு பக்கம் போட்டீங்கண்ணா. எங்களுக்கு ஒரு பக்கம் போடக் கூடாதா?”

தளி பக்கத்துப் பிள்ளை. வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ். ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் பக்கம் ஒரு கரடி மனைக்குப் போய்ப் பழகிவிட்டு மத்தியானம் திரும்புகிறார். போன முறை ஒரு போட்டிக்கு இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறார், கிடைக்கவில்லை. போய்விட்டு வந்தார். இரண்டு நாள் சம்பளத்தோடு அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸும் போயிற்று. கோபமாகச் சொல்லவில்லை. பஸ் லேட் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

கரடி மனை என்றதும் சிரிக்காதீர்கள். கெலமங்கலம் பக்கம் என் தாத்தா ஊரில், ஆஞ்சநேயர் கோயிலை ஒட்டி ஓடு வேய்ந்த ஒரு இருட்டு அறை இருந்தது. பெரியவர்கள் அதைக் ‘கரடி’ என்பார்கள். உள்ளே நிஜமாகவே கரடியைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஐந்து வயதுவரை நம்பி, அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, கன்னடத்தில் அது உடற்பயிற்சிக்கூடம். தமிழ் அகராதியிலேயே ‘கரடிக்கூடம்’ உண்டு. உள்ளே மூலையில் கர்லாக்கட்டைகள், சுவரில் ஆஞ்சநேயர் படம், நடுவில் சலித்துப் போட்ட செம்மண். மண்ணில் எண்ணெயும் மஞ்சளும் மோரும் சேர்த்துப் பிசைந்திருப்பார்கள். அந்த வாசனை, மழை பெய்து ஓய்ந்த களத்து மேட்டில் யாரோ தாளித்த மாதிரி இருக்கும். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை.

தம்பியிடம் எந்த எடைப் பிரிவு என்று கேட்டேன். “57 கிலோண்ணா.”

“ஜாதவ் பிரிவு” என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. அவர் பழகும் இடத்தில் கே.டி. ஜாதவின் படம் மாட்டியிருக்கிறதாம். தினமும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மண்ணில் இறங்குகிறார்களாம். “ஆனா அவரு கதை முழுசாத் தெரியாதுண்ணா” என்றார். ஆக, இந்தப் பக்கம் அந்தத் தம்பிக்காகவும், ஜாதவ் யார் என்றே கேள்விப்படாத நம்மில் பெரும்பாலோருக்காகவும்.

கஷாபா தாதாசாகேப் ஜாதவ் பிறந்தது 1926 ஜனவரி 15-ல், மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டம், கராடு பக்கத்தில் கோலேஷ்வர் என்ற கிராமத்தில். அப்பா தாதாசாகேபே பயில்வான். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி இவர். கராடு திலகர் பள்ளியில் படித்தபோது வெள்ளையனே வெளியேறு போராட்டம். தலைமறைவாக இருந்தவர்களுக்கு இடம் கொடுத்து உதவியவர்களில் இந்த மாணவரும் ஒருவர். பிறகு கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி. கோலாப்பூர் என்றாலே குஸ்திதான். சாகு மகாராஜா மல்லர்களை வைத்துப் பராமரித்து, அவர்களுக்கென்றே காஸ்பாக் மைதானத்தைக் கட்டிய ஊர்.

ஜாதவ் ஆள் பார்வைக்குப் பயில்வானே இல்லை. குள்ளம், ஒல்லி. கல்லூரி மல்யுத்தக் குழுவில் சேரப் போனபோது முதலில் சேர்க்கவே இல்லை என்று சொல்வார்கள். அவருடைய பேர்பெற்ற பிடி ‘டாக்’. எதிராளியின் கழுத்தை அக்குளில் வளைத்துப் பிடித்து, தன் இடுப்பைச் சட்டென்று திருப்பி, ஒரே வீச்சில் அவனைத் தரையில் போடுவது. நம் தம்பி எழுந்து நின்று, அலுவலக நாற்காலியை எதிராளியாக வைத்து எனக்குச் செய்து காட்டினார். நாற்காலியின் கை ஒன்று போய்விட்டது. பரவாயில்லை, பழைய நாற்காலி.

1948 லண்டன் ஒலிம்பிக். கோலாப்பூர் மகாராஜா செலவை ஏற்றுக்கொண்டார். அதுவரை ஜாதவ் பழகியதெல்லாம் மண். அங்கே விரித்திருந்தது மெத்தை. மண்ணில் கால் புதையும், பிடி நிதானமாக இறுகும். மெத்தையில் எல்லாம் நொடிக் கணக்கு. இருந்தும் ஆஸ்திரேலியாவின் பெர்ட் ஹாரிஸைச் சில நிமிடங்களில் சாய்த்தார், அமெரிக்காவின் பில்லி ஜெர்னிகனையும் வென்றார். ஈரானின் மன்சூர் ரயீசியிடம் தோற்று ஆறாவது இடம். அந்த எடைப் பிரிவில் அதுவரை எந்த இந்தியரும் அவ்வளவு தூரம் போனதில்லை. அங்கே ரீஸ் கார்ட்னர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளரிடம் மெத்தையின் பாடத்தைக் கொஞ்சம் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். அடுத்த நான்கு வருஷம் அதே நினைப்பு. எடையைக் கூட்டிக்கொண்டு 52 கிலோவிலிருந்து 57 கிலோவுக்கு மாறினார்.

இனி வருவதில் நம் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. பெருமைப்படத்தக்க பங்கு இல்லை.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு ஆள் எடுப்பதில் மெட்ராஸில் நடந்த தேசியப் போட்டி முக்கியமானது. அங்கே ஜாதவ் ஒரே ஒரு புள்ளியில் பின்தங்கினார். அந்தப் புள்ளியை வேண்டுமென்றே குறைத்துப் போட்டார்கள் என்பது அவர் கடைசிவரை சொன்ன குற்றச்சாட்டு. யார் சரி என்று எழுபது வருஷம் கழித்து ஓசூரில் உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஜாதவ் வாயை மூடிக்கொண்டு ஊருக்கு ரயிலேறவில்லை. பாட்டியாலா மகாராஜாவிடம் முறையிட்டார். மகாராஜா இன்னொரு வாய்ப்புக்கு ஏற்பாடு செய்தார். மறு போட்டியில் புள்ளி எண்ணுகிறவர்களுக்கு வேலையே வைக்காமல் எதிராளியின் முதுகை மண்ணில் பதித்துவிட்டார்.

இடம் கிடைத்தது, பணம் இல்லை. ஊர் சுற்றி வசூல் நடந்தது. கோலேஷ்வர் மக்களும் கடைக்காரர்களும் முடிந்ததைக் கொடுத்தார்கள். போதவில்லை. ராஜாராம் கல்லூரியின் முன்னாள் முதல்வர் கர்டேகர் தன் வீட்டை அடகு வைத்து 7000 ரூபாய் கொடுத்தார். தன் மகனுக்காக வீட்டை அடகு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய மாணவனின் பயணச் செலவுக்கு வைத்தவர் இவர் ஒருவர்தான் எனக்குத் தெரிந்து. பம்பாய் மாகாண முதலமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் 4000 ரூபாய் கேட்டபோது, போட்டி முடிந்து வந்து பாருங்கள் என்று பதில் வந்ததாம். அந்தச் சமயம் மெட்ராஸ் முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் நம் தொரப்பள்ளி ராஜாஜி. அவரிடம் போயிருந்தாலும் முதலில் கணக்குப் புத்தகத்தைத்தான் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். தொரப்பள்ளிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஹெல்சிங்கியில் கனடாவின் அட்ரியன் போலிக்வின், மெக்சிகோவின் லியோனார்டோ பசுர்ட்டோ, ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் ஷ்மிட்ஸ் மூவரையும் ஜாதவ் வென்றார். அடுத்து ஜப்பானின் ஷோஹாச்சி இஷியி. அந்த ஒலிம்பிக்கில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே தங்கம் இவர் வாங்கியது. அவ்வளவு பெரிய ஆளோடு நீண்ட நேரம் மல்லுக்கட்டி, நூலிழையில் தோற்று, மூச்சு வாங்கிக்கொண்டு மெத்தையை விட்டு இறங்கியவரை அடுத்த போட்டிக்கு உடனே கூப்பிட்டுவிட்டார்கள். எதிரே சோவியத் நாட்டின் ரஷீத் மமத்பெயோவ். இரண்டு போட்டிகளுக்கு நடுவே அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்பது விதி. அதை எடுத்துச் சொல்ல அந்த இடத்தில் ஒரு இந்திய அதிகாரியும் இல்லை. ஜாதவுக்கு அந்த ஊர் பாஷையும் வராது, வாதாடித் தெம்பை வீணடிக்கவும் மனமில்லை. களைத்த உடம்போடு ஏறினார், தோற்றார். கிடைத்தது வெண்கலம்.

1952 ஜூலை 23. சுதந்திர இந்தியா ஒலிம்பிக்கில் பார்த்த முதல் தனிநபர் பதக்கம். அடுத்ததற்கு 1996 வரை, லியாண்டர் பயஸ் வரும்வரை, 44 வருஷம் காத்திருந்தோம். மல்யுத்தத்தில் அடுத்த பதக்கம் 2008-ல்தான், சுஷில் குமார் மூலமாக.

‘கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை’ என்று நாம் கேலியாகச் சொல்கிறோமே, அது குஸ்தி மண்ணில் பிறந்த பேச்சாகத்தான் இருக்க வேண்டும். நம் அரசியல் நிருபர்களும் தேர்தல் வந்தால் வேட்பாளரைக் ‘கோதா’வில் இறக்குகிறார்கள், கோதா என்பதே மல்லர்கள் மோதுகிற களம்தான். உடும்புப்பிடி, கிடுக்கிப்பிடி, மல்லுக்கட்டு என்று சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு விளையாட்டைத் தொலைத்துவிட்டோம். மாமல்லபுரத்துக்குப் போய் செல்ஃபி எடுக்கும்போது அந்தப் பெயரில் ஒரு பெரிய மல்லன் இருக்கிறான் என்று யாருக்காவது தோன்றுகிறதா? புறநானூற்றில் ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி சாய்த்ததைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஒரு கால் மார்பில் ஊன்றியிருக்கிறது, இன்னொரு கால் பின்பக்கம் எதிராளியின் முயற்சியைத் தடுக்கிறது என்று பிடியைப் பிடியாகவே எழுதியிருக்கிறார். இன்றைக்கு டிவியில் வர்ணனை செய்கிறவர்கள்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்வதில்லை. அந்தப் பாட்டைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். “இது நாங்க போடுற பிடிதாண்ணா” என்றார்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நிலைமை தேவலை. மைசூரில் தசரா வந்தால் குஸ்தி உண்டு. தசரா கேசரி, தசரா குமார, பெண்களுக்கு தசரா கிஷோரி என்று பட்டங்கள். விஜயதசமியன்று அரண்மனையில் ஜெட்டி மரபு மல்லர்கள் மோதுகிற வஜ்ரமுஷ்டி இன்னும் நடக்கிறது. ரத்தம் ஒரு சொட்டு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். குஸ்தி அங்கே உயிரோடு இருப்பதால்தான் நம் பையன்கள் அத்திப்பள்ளி தாண்டிப் போகிறார்கள். வேலைக்கு அங்கிருந்து ஆட்கள் இங்கே வருகிறார்கள், குஸ்திக்கு இங்கிருந்து ஆட்கள் அங்கே போகிறார்கள். எல்லையில், ஜூஜுவாடிச் சாவடியில் இதற்கு வரி கிடையாது, அதுவரை நல்லது.

ஜாதவ் ஊர் திரும்பிய கதையைச் சொல்ல விட்டுப்போயிற்று. கராடு ரயில் நிலையத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள் காத்திருந்தன. கால் மணி நேரத்தில் போகிற தூரத்தைக் கடக்க ஏழு மணி நேரம் ஆனதாம். மேளம், பட்டாசு, ஆரத்தி. வாணவேடிக்கை அடங்கியதும் அவர் செய்த முதல் காரியம், குஸ்திப் போட்டிகள் நடத்தி, தானே இறங்கி ஜெயித்து, அந்தப் பணத்தில் கர்டேகரின் வீட்டை மீட்டுக் கொடுத்தது. பதக்கத்தைவிட இந்தச் செய்தி எனக்குப் பிடிக்கும்.

பிறகு நடந்ததில் சொல்லச் சந்தோஷமானது குறைவு. 1955-ல் போலீஸில் சப் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். முழங்காலில் அடிபட்டதால் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் போயிற்று. 27 வருஷம் வேலை பார்த்து உதவி கமிஷனராக ஓய்வு பெற்றார். பென்ஷனுக்கு அலைந்தார். 1984-ல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 2010-ல் டெல்லி இந்திரா காந்தி வளாகத்து மல்யுத்த அரங்குக்கு அவர் பெயர் வைத்தார்கள். பத்ம விருது எதுவும் கொடுக்கவில்லை.

அதே 57 கிலோ பிரிவில் டோக்கியோவில் ரவி தாஹியா வெள்ளி வாங்கினார். 2024 பாரிஸில் அமன் ஷெராவத், ஜாதவைப் போலவே வெண்கலம். அமனின் அந்த ராத்திரியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அரையிறுதியில் தோற்ற பிறகு எடை பார்த்தால் 61.5 கிலோ. மறுநாள் காலை எடை மேடையில் 57-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு நாளுக்கு முன்னால்தான் 100 கிராம் கூடுதல் என்று வினேஷ் போகத்தை இறுதிப் போட்டியிலிருந்தே நீக்கியிருந்தார்கள். விடிய விடிய அமனை மெத்தையில் புரட்டினார்கள், வெந்நீரில் உட்கார வைத்தார்கள், ஓடவிட்டார்கள், வேர்க்க வைத்தார்கள். பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ. அவர் தூங்கவில்லை, பயிற்சியாளர்கள் இரண்டு பேரும் கூடவே தூங்கவில்லை. ஹெல்சிங்கியில் ஜாதவுக்காக அரை மணி நேரம் கேட்க ஒரு ஆள் இல்லாததையும், பாரிஸில் இரண்டு ஆட்கள் ராத்திரி முழுக்கக் கண் விழித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பேரும் வாங்கியது ஒரே வெண்கலம். ஜாதவுக்கு அன்று அந்த ஒரு ஆள் இருந்திருந்தால் என்ற நினைப்பை விரட்ட முடியவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைத்துவிட வேண்டாம். ரியோவில் வெண்கலம் வாங்கிய சாக்ஷி மாலிக், 2023 டிசம்பரில், இனி மல்யுத்தம் இல்லை என்று தன் ஷூவை மேஜைமேல் வைத்துவிட்டு அழுதபடி எழுந்து போனதை எல்லோரும் பார்த்தோம். அவர் டெல்லி பஸ் கண்டக்டரின் மகள். நம் ஊர்ப் பிள்ளைகள் மாதிரி வீடு.

மெட்ராஸில் அந்த ஒரு புள்ளியை நாம் குறைத்தோமோ இல்லையோ, இன்றைக்கு ஓசூரில் ஒரு 57 கிலோப் பையனின் அட்டெண்டன்ஸ் போனஸ் குறைந்திருக்கிறது. இந்தப் பத்திரிகையை வாங்கிப் படிக்கும் பர்சனல் மேனேஜர்கள், சூப்பர்வைசர்கள் எத்தனையோ பேர் என்பது எனக்குத் தெரியும்; தீபாவளி மலரை நீங்கள்தான் மொத்தமாக வாங்குகிறீர்கள். கர்டேகரைப்போல வீட்டை அடகு வைக்கச் சொல்லவில்லை. அடுத்த முறை காது சுருண்ட ஒரு பையன் இரண்டு நாள் லீவுக்குக் கடிதம் நீட்டினால், ஷிஃப்ட் மாற்றிப் போட முடியுமா என்று ஒரு தடவை சார்ட்டைப் பாருங்கள்.

மற்ற வாசகர்களிடம் வேறு ஒன்று கேட்கிறேன். ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கரடிக்கூடம் இருந்த ஊர்கள் எவை, அங்கே பழகியவர்கள் யார் என்று தொகுக்க ஆசை. வீட்டுப் பரணில் தாத்தாவின் கர்லாக்கட்டை கிடந்தாலோ, லங்கோடு கட்டி மீசை முறுக்கி நிற்கும் பழைய படம் ஏதாவது சுவரில் தொங்கினாலோ, செல்போனில் படம் பிடித்து, ஊர்ப் பெயரோடு அனுப்புங்கள். கன்னடத்தில் எழுதினாலும் தெலுங்கில் எழுதினாலும் வாங்கிக்கொள்வோம். பொங்கல் இதழில் நான்கு பக்கம் இதற்காக ஒதுக்கியிருக்கிறேன். எருது விடும் விழாவுக்குக் கொடுத்ததும் நான்கு பக்கம்தான். தம்பி எண்ணிப் பார்ப்பார்.

அன்புடன்,
ஆசிரியர்